ராஜராஜனுக்கு மீசை உண்டா?

கேள்வி–பதில்: இந்த முறை, படக்கதையில் வரலாறு

நான் படித்த படக்கதையில் ராஜராஜ சோழனுக்கு முறுக்கு மீசை இருக்கிறது. நிஜமாகவே இருந்ததா?
(ஏழாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்)

யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, பாப்பா. உன் பாடப்புத்தகத்தைத் திறந்து பார். 985இல் பட்டத்துக்கு வந்தார், 1010இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்தார் என்று இருக்கும். மீசையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எழுதுகிறவர் தெரியாததைச் சொல்லாமல் தாண்டிப் போகலாம். வரைகிறவருக்கு அந்த வசதி இல்லை. ராஜாவை வரைய வேண்டுமென்றால் மூக்கு வேண்டும், நிறம் வேண்டும், தொப்பை உண்டா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆகவே படக்கதையின் ஒவ்வொரு கட்டமும் ‘இப்படித்தான் இருந்தது’ என்று அடித்துச் சொல்கிறது. நீ அதை அப்படியே நம்பாமல் ஒரு கேள்வி கேட்டாய் பார், வரலாறு படிப்பது என்றால் அதுதான்.

ஓவியர்களுக்குத் துணை இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே வேறு ஓவியம் தீட்டிவிட்டதால் அவை மறைந்து கிடந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்துச் சொன்னார். அங்கே இருக்கும் ஓர் உருவத்தை ராஜராஜன் என்று பலர் சொல்கிறார்கள், இல்லை என்பவர்களும் உண்டு. அந்தக் காலத்துக் கொண்டை, நகை, ஆடை எல்லாம் எப்படி இருந்தன என்பதற்கோ அந்தச் சுவரைப் போன்ற சாட்சி குறைவு. உன் படக்கதையை வரைந்தவர் அந்தச் சுவரைப் பார்த்து வரைந்தாரா, சினிமாவைப் பார்த்து வரைந்தாரா? உடையை வைத்து நீயே கண்டுபிடித்துவிடலாம்.

‘பொன்னியின் செல்வன்’ படக்கதை படித்த என் மகள், நந்தினியின் சமாதி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
(ஓர் அம்மா, கோவை)

நந்தினிக்குச் சமாதி கிடையாது, ஏனென்றால் அவளுக்குப் பிறப்பே கல்கியின் பேனாவில்தான் என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ‘ஆனால் ரவிதாசன் இருந்தான்’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், அவள் கண் விரியும். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்கள் அதில் வருகின்றன. அவர்களைச் சேர்ந்தவர்களின் சொத்தைப் பறிப்பது பற்றிய அந்த ஆணை ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வந்தியத்தேவனும் கல்வெட்டில் இருக்கிறான், குந்தவையின் கணவனாக. வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வந்தது மட்டும் கல்கியின் கைவண்ணம்.

அந்த முகங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பேசுங்கள். 1950இல் ‘கல்கி’ இதழில் தொடர் தொடங்கியபோது படம் வரைந்தவர் மணியம். தமிழர்களில் பாதிப் பேரின் மனதில் இருக்கும் குந்தவை அவர் போட்ட கோடுதான். பிறகு வந்த எல்லாக் குந்தவைகளும் அவளுக்குத் தங்கைகள்.

படக்கதை படிக்கும் பிள்ளை கற்பனையை இழந்து சோம்பேறி வாசகனாகிவிடும் என்கிறார்களே?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை)

ஐயா, ஒரு கட்டத்தில் கை ஓங்கியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் ஒருவர் தரையில் கிடக்கிறார். அடி எங்கே விழுந்தது? இரண்டு கட்டத்துக்கும் நடுவே விட்ட வெள்ளை இடைவெளியில். அந்த அடியைப் போட்டது படிக்கிற பிள்ளை. ஸ்காட் மெக்ளவுட் 1993இல் படக்கதையைப் பற்றிப் படக்கதையாகவே எழுதிய நூலில் இதைத்தான் விரித்துச் சொன்னார். வரலாறு படிக்க இதைவிடப் பொருத்தமான பயிற்சி ஏது? நம்மிடம் இருப்பதும் அங்கொரு கல்வெட்டு, இங்கொரு காசு, நடுவே பெரிய இடைவெளி. அதை எதை வைத்து நிரப்புகிறோம் என்பதில்தானே வரலாற்றாசிரியர்கள் சண்டை போடுகிறார்கள்?

தேர்வில் மதிப்பெண் கூடுமா?
(ஓர் அப்பா, நாமக்கல்)

இரண்டு மதிப்பெண் வினாவுக்கு உதவாது. நாற்பது வயதிலும் ஞாபகம் இருக்கும்.

நான் சிறுவனாக இருந்தபோது சேர்த்த அமர் சித்திரக் கதைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பேத்திக்குக் கொடுக்கலாமா? இப்போது அவற்றைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார்கள்.
(ஒரு தாத்தா, மயிலாப்பூர்)

கொடுங்கள், கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்தப் புத்தகங்கள் பிறந்த கதையே நல்ல கதை. தில்லித் தொலைக்காட்சியில் ஒரு விநாடி வினா. கிரேக்கக் கடவுள்களைப் பற்றிக் கேட்டால் பட்டென்று பதில் சொன்ன பிள்ளைகளுக்கு, ராமனின் தாயார் யார் என்று தெரியவில்லை. அதைப் பார்த்த அனந்த் பாய் மனம் பொறுக்காமல் 1967இல் தொடங்கியதுதான் அமர் சித்திரக் கதை. ராம் வாயீர்கர், பிரதாப் முளிக் போன்ற ஓவியர்கள் ஒரு தலைமுறைக்கே புராணத்துக்கும் வரலாற்றுக்கும் முகம் கொடுத்தார்கள். அந்தக் கடனை மறுக்க எனக்கு மனம் வராது.

அதே சமயம் பேத்தியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பக்கத்தில் கெட்டவன் யாரென்று எழுத்தைப் படிக்காமல் சொல்லு பார்ப்போம்.” சொல்லிவிடுவாள். கரிய நிறமும் பருத்த உடம்பும் அசுரனுக்கு, வெளுத்த மேனியும் கூரிய மூக்கும் நாயகனுக்கு. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டும் குறை இது. நாமெல்லாம் என்ன நிறம் என்று அவள் திருப்பிக் கேட்டால், அன்றைய பாடம் அங்கே தொடங்கட்டும். புராணமும் வரலாறும் ஒரே வண்ணத்தில், ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் வந்ததால் கிருஷ்ணனும் சிவாஜியும் ஒரே மாதிரி ‘நடந்தவர்கள்’ என்று நம்மில் பலர் வளர்ந்துவிட்டோம். பெட்டியைக் கொட்டி, புராணத்தை ஒரு பக்கமும் வரலாற்றை ஒரு பக்கமும் அவளையே அடுக்கச் சொல்லுங்கள். நடுவில் வைக்க வேண்டிய புத்தகங்கள் கொஞ்சம் மிஞ்சும். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பேசலாம்.

‘பீமாயணம்’ வாங்கினேன். கட்டம் இல்லை, வரிசை இல்லை, எங்கே தொடங்குவது என்றே பிள்ளைகளுக்குப் புரியவில்லை. நல்ல புத்தகம்தானா?
(வரலாற்று ஆசிரியை, விழுப்புரம்)

அம்பேத்கரின் கதையைச் சொல்லும் மிக நல்ல புத்தகம், டீச்சர். கட்டம் இல்லாததுதான் அதன் சிறப்பே. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியத் தம்பதி. ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம், மூச்சு முட்டும் என்றார்கள். ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதி, 2011இல் நவயானா வெளியிட்டது.

முதலில் பலூன்களைக் காட்டுங்கள். மனதுக்கு இதமான பேச்சு பறவை வடிவத்தில் வரும். சாதித் திமிர் பேசும் வாயிலிருந்து வருவதற்குத் தேள் கொடுக்கு இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகூட, கொடுக்கைப் பார்த்ததும் யார் கொட்டுகிறார்கள் என்று சொல்லிவிடும்.

பிறகு 1901ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் போங்கள். அம்பேத்கர் அப்போது உங்கள் மாணவர்களைவிடச் சின்னப் பையன். அப்பாவைப் பார்க்க நல்ல சட்டை போட்டுக்கொண்டு அண்ணனோடு ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறான். அழைத்துப் போக யாரும் வரவில்லை. என்ன சாதி என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போக, வண்டிக்காரர் கூட நடந்து வருகிறார். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அம்பேத்கர் தாமே எழுதி வைத்த அனுபவம் இது. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 17 என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முந்தைய நாள் இந்தப் பக்கங்களைப் படிக்க வையுங்கள். அந்தப் பிரிவு எதற்கென்று மறுநாள் நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

சோழர் காலத்துச் சமையலறை ஒன்றைப் பள்ளி ஆண்டு மலருக்கு வரைகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
(ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், திருவாரூர்)

மிளகாயை எடுத்துவிடுங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொல்லைப்புறத்துப் பப்பாளி மரம், கொய்யா மரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து, கொலம்பஸுக்குப் பிறகு வந்தவை. காரத்துக்கு மிளகு போடுங்கள், புளிப்புக்குப் புளி இருக்கிறது. வரைந்து முடித்ததும் வேறு வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

‘கிராஃபிக் நாவல்’ என்கிறார்கள். நாவல் என்றால் கற்பனைதானே? அதை எப்படி வரலாறு என்று படிப்பது?
(கல்லூரி மாணவர், திருச்சி)

இதே கேள்வியை ஆர்ட் ஸ்பீகல்மன் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதமாகவே எழுதினார். 1991இல் அவருடைய ‘மாஸ்’ இரண்டாம் பாகத்தை அந்தப் பத்திரிகை கற்பனைப் படைப்புகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட தன் தந்தை விளாடெக் சொன்னதைப் பல ஆண்டுகள் பதிவு செய்து வரைந்தவர் அவர். யூதர்களை எலியாகவும் ஜெர்மானியரைப் பூனையாகவும் வரைந்ததாலேயே அது பொய்க்கதை ஆகிவிடுமா? பத்திரிகை ஒப்புக்கொண்டு மறுபக்கப் பட்டியலுக்கு மாற்றியது. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசும் வந்தது.

அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்தை நான் எந்த ஆசிரியரைப் பார்த்தாலும் சொல்லாமல் விடுவதில்லை. ஆஷ்விட்ஸில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போது வாசலில் ஒரு வாத்தியக் குழு வாசித்தது, ஆவணங்களில் இருக்கிறது. மகன் அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்கிறார். அப்பாவோ, வாத்தியமா, அப்படி எதுவும் எனக்கு ஞாபகமில்லை, அணிவகுத்து நடந்தது மட்டும்தான் ஞாபகம் என்கிறார். இப்போது மகன் என்ன வரைவது? ஆவணத்தை நம்பி வரைந்தால் அப்பா பொய்யராகிவிடுவார். அப்பாவை நம்பி விட்டுவிட்டால் ஆவணம் பொய்யாகிவிடும். ஸ்பீகல்மன் முதலில் வாத்தியக் குழுவை வரைந்தார். அப்பா மறுத்த பிறகு வரும் கட்டத்தில், அதே இடத்தில், அணிவகுத்துப் போகும் கைதிகளைக் கொண்டு அந்தக் குழுவை மறைத்தார். உற்றுப் பார்த்தால் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் தெரியும்.

சாட்சியின் ஞாபகமும் ஆவணமும் மோதும்போது என்ன செய்வது என்று முதுகலை வகுப்பில் நடத்துவார்கள். அதை ஒரே பக்கத்தில், பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒருவர் செய்து காட்டிவிட்டார். நல்ல வரலாற்றுப் படக்கதைக்கு என் அளவுகோல் இதுதான்: ‘எனக்கு இது எப்படித் தெரியும்’ என்பதையும் அது வரைந்து காட்ட வேண்டும்.

புகைப்படம் இருக்கும் காலத்து வரலாற்றை ஏன் வரைய வேண்டும்?
(புகைப்படக் கலைஞர், புதுச்சேரி)

கேமராவை உள்ளே விடாத இடங்கள் இருப்பதால். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் கேமரா வைத்துக்கொள்ளத் தடை. மினே ஒகுபோ என்ற ஓவியர் பேனாவை எடுத்தார். பந்தயக் குதிரைகள் கட்டிய லாயத்தில் குடும்பங்கள் படுத்திருந்ததை வரைந்தார், யூட்டா பாலைவன முகாமின் புழுதியை வரைந்தார். அந்த ஓவியங்கள் 1946இல் புத்தகமாயின. பெயர் ‘சிட்டிசன் 13660’. எண், அவர் குடும்பத்துக்கு அரசு ஒட்டிய எண்.

இதெல்லாம் வெளிநாட்டு மோகம் இல்லையா? நம் மரபில் படம் போட்டு வரலாறு சொல்லும் பழக்கம் உண்டா?
(வாசகர், செய்யாறு)

செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரம் எவ்வளவு தூரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போய் வாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் கட்டியது. திருச்சுற்றின் சுவரில் பல்லவர் கதை முழுக்க வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாக மணற்கல்லில் செதுக்கியிருக்கிறது. போர், முடிசூட்டு விழா, தூது எல்லாம் உண்டு. சில சிற்பங்களுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். வாரிசு இல்லாமல் அரசன் இறந்துபோக, பெரியவர்கள் பல்லவர் கிளைக் குடும்பம் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். இரணியவர்மனின் மகனான பன்னிரண்டு வயதுப் பையன், நான் வருகிறேன் என்று முன்வருகிறான். அவன்தான் நந்திவர்மன்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்தக் கதையைச் செதுக்கக் காசு கொடுத்தது யார்? அதே நந்திவர்மன். அரியணைக்கு நேர் வாரிசாக இல்லாமல் வந்தவனுக்கு, ‘இவர்களே வந்து அழைத்தார்கள்’ என்று கல்லில் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்கும் அல்லவா? பிரான்சில் ஒரு துணிச் சுருள் இருக்கிறது, பேயூ என்ற ஊரில். சுமார் 70 மீட்டர் நீளம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த கதையை நூலால் தைத்திருக்கிறார்கள். அதுவும் வென்றவர் கதைதான். கல்லோ, நூலோ, காகிதமோ, கேள்வி ஒன்றுதான்.

மகன் டின்டின் பைத்தியம். ‘காங்கோவில் டின்டின்’ வேண்டும் என்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
(ஓர் அப்பா, பெங்களூரு)

சிறுவனுக்கு வேண்டாம். ஆப்பிரிக்க மக்களை அதில் வரைந்திருக்கும் விதம் கொடுமை. பதினைந்து வயதில் கொடுங்கள், இந்தத் தகவலோடு. 1930–31இல் வந்த முதல் வடிவத்தில், டின்டின் காங்கோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பான்: ‘உங்கள் நாடான பெல்ஜியத்தைப் பற்றிச் சொல்கிறேன்’ என்று. டின்டினைப் படைத்த எர்ஷே 1946இல் வண்ணத்தில் திரும்ப வரைந்தபோது அந்த இடத்தில் கணக்குப் பாடம் வந்துவிட்டது. ஒரே வகுப்பறை, ஒரே டின்டின், கரும்பலகையில் மட்டும் ஒரு நாட்டுக்குப் பதிலாகக் கூட்டல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காலனி ஆட்சியைப் பற்றி வெளிப்படையாகப் பெருமை பேச முடியாத காலம் வந்ததை அந்தக் கரும்பலகையே காட்டிக்கொடுக்கும்.

இப்போதைக்கு ‘நீலத் தாமரை’ வாங்கிக் கொடுங்கள். அதற்காக எர்ஷே, பிரஸ்ஸல்ஸில் படித்துக்கொண்டிருந்த சாங் சொங்ரென் என்ற சீன மாணவரோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வரைந்தார். வித்தியாசம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

டெக்ஸ் வில்லர் படித்தால் வரலாறு வருமா?
(லயன்-முத்து காமிக்ஸ் வாசகர், சிவகாசி)

வாசல் வரை கொண்டுவந்து விடுவார், உள்ளே நீங்களே போக வேண்டும். நவஹோ மக்களின் தலைவர் ‘இரவுக் கழுகு’ ஆன டெக்ஸ் இத்தாலிக்காரர்களின் கற்பனை. ஆனால் 1864இல் அமெரிக்கப் படை அந்த நவஹோ மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே துரத்தி ஒரு வறண்ட நிலத்தில் அடைத்ததும், 1868இல் ஒப்பந்தம் போட்டு அவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பியதும் நடந்தவை. அடுத்த டெக்ஸ் கதையைத் திறக்கும் முன் ‘நீண்ட நடை’ பற்றித் தேடிப் படியுங்கள்.

பஞ்சத்தைப் படக்கதையாக்கி என் மாணவர்களுக்குக் கொடுத்தேன். எல்லோரும் அழுதார்கள். பஞ்சம் ஏன் வந்தது என்று கேட்டால் ‘மழை இல்லை’ என்று எழுதுகிறார்கள். எங்கே தவறு?
(ஆசிரியர், சேலம்)

தவறு உங்களுடையதல்ல. படத்தின் எல்லை அது. பட்டினி கிடக்கும் உடம்பை வரைய முடியும். விலையேற்றத்தை எப்படி வரைவது?

1943 வங்கப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்தபிரசாத் என்ற ஓவியர் மிட்னாப்பூர் மாவட்டத்தில் அலைந்து, கண்டதைக் கறுப்பு மையில் வரைந்து ‘பசித்த வங்கம்’ என்று புத்தகமாகப் போட்டார். பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. கோட்டோவியத்தைக் கண்டு ஒரு பேரரசு பயந்தது என்றால் அதன் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பத்து லட்சக்கணக்கில் மக்கள் ஏன் செத்தார்கள் என்ற கேள்விக்கு, ஓவியம் மட்டும் பதில் சொல்லாது. பர்மா ஜப்பானிடம் விழுந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று கடலோரத்தில் படகுகளையும் நெல்லையும் அரசே அப்புறப்படுத்தியது. போருக்காகக் கொட்டிய பணத்தில் அரிசி விலை எகிறியது. நிலமில்லாத கூலியாளின் கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. இவையெல்லாம் கணக்கேட்டில் இருக்கின்றன, முகத்தில் இல்லை.

ஆகவே அழுது முடித்த வகுப்பிடம் ஒரு வேலை கொடுங்கள். அந்தப் படக்கதையில் இல்லாத ஒரு பக்கத்தை அவர்கள் வரையட்டும். அரிசி மண்டியின் விலைப்பலகை, மாதா மாதம் மாறுகிறது. பக்கத்தில் ஒரு கூலியாளின் உள்ளங்கை, அதில் அதே காசு. ஆறு கட்டம் போதும். மழை என்று எழுத மாட்டார்கள்.

இரத்தமும் சாவும் உள்ள வரலாற்றை எந்த வயதில் காட்டலாம்? பள்ளி நூலகத்தில் சிலவற்றைப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள்.
(நூலகர், மதுரை)

உலகம் முழுக்க உங்கள் சக நூலகர்கள் இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறார்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது கெய்ஜி நகசாவாவுக்கு ஆறு வயது. பள்ளி மதில் மறைத்ததால் பிழைத்தார். அப்பாவும் அக்காவும் தம்பியும் பிழைக்கவில்லை. 1973இலிருந்து அதை ‘வெறுங்கால் கென்’ என்று சிறுவர் பத்திரிகையில் தொடராக வரைந்தார். தோல் உரிந்து தொங்க நடக்கும் மனிதர்கள் அதில் உண்டு. 2012இல் ஜப்பானின் மட்சுயே நகரக் கல்வி வாரியம் அதைப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் மறு ஆண்டே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம், கெட்ட வார்த்தையும் நிர்வாணமும் இருப்பதாகச் சொல்லி 2022 ஜனவரியில் ‘மாஸ்’ நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. உடனே கடைகளில் அது விற்றுத் தீர்ந்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பத்து வயதுக்குள் வேண்டாம். பதின்மூன்றில் ‘கென்’, பெரியவர் ஒருவர் துணையோடு. மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ பதினான்கில். ஈரான் புரட்சி நடந்தபோது சத்ரபிக்கு ஏறக்குறைய பத்து வயது என்பதால் பிள்ளைகள் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள், தமிழிலும் வந்திருக்கிறது. ‘மாஸ்’ பதினைந்துக்கு மேல். பூட்டு மட்டும் வேண்டாம். பூட்டிய அலமாரியைத் திறக்க வழி தெரியாத பிள்ளை மதுரையில் இல்லை. தனியாகத் திறந்து தனியாகப் பார்ப்பதுதான் ஆபத்து. அந்த அலமாரிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போடுங்கள், ஒன்று உங்களுக்கு.

இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கு வன்னியில் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லத் தொடங்கினால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.
(ஓர் அம்மா, டொரண்டோ)

அம்மா, நீங்கள் சொல்ல முடியாத இடத்தைப் புத்தகம் கொஞ்சம் சுமக்கட்டும். இலங்கைப் போரைப் பற்றி ‘வன்னி’ என்றே ஒரு படக்கதை 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதிய பெஞ்சமின் டிக்ஸ் ஐ.நா. பணியாளராக அங்கே இருந்து, 2008இல் ஐ.நா. வெளியேறியபோது உடன் வெளியேற வேண்டியிருந்தவர். வரைந்தவர் லிண்ட்சே பொலக். பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்து, ஆட்களின் பாதுகாப்புக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையாகச் சொல்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான், சின்னவர்களுக்கு அல்ல. முதலில் நீங்கள் தனியாகப் படித்துவிடுங்கள். பிறகு அவர்கள் படிக்கும்போது, எங்கள் வீட்டில் இது இப்படி நடக்கவில்லை, வேறு மாதிரி நடந்தது என்று சொல்ல ஓர் இடமாவது வரும். அங்கே உங்கள் தொண்டை திறக்கும்.

படக்கதை வரலாற்றைச் சொல்லும், சரி. வரலாற்றை மாற்றியிருக்கிறதா?
(சட்ட மாணவி, சென்னை)

1957 டிசம்பரில் அமெரிக்காவில் பத்து சென்ட் விலைக்கு ஒரு பதினாறு பக்கப் படக்கதை வந்தது: ‘மார்ட்டின் லூதர் கிங்கும் மாண்ட்கோமரி கதையும்’. கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு எப்படி நடந்தது, அடி வாங்கினாலும் திருப்பி அடிக்காமல் நிற்பது எப்படி என்று செய்முறையோடு சொன்னது. காந்தி வரும் பக்கமும் அதில் உண்டு. தேவாலயங்கள் வழியாகக் கைமாறிப் போன அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் ஜான் லூயிஸ் என்ற அலபாமா இளைஞரும் ஒருவர். 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர் அவர்தான். பிற்பாடு நாடாளுமன்ற உறுப்பினரானார். தன் கதையைச் சொல்ல அதே வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்ட்ரூ ஐடினும் நேட் பவலும் துணை நிற்க ‘மார்ச்’ என்று மூன்று பாகம் எழுதினார். மூன்றாம் பாகம் 2016இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவில் வென்றது. அந்தப் பத்து சென்ட் புத்தகம் 2008இல் அரபு மொழிக்குப் போய் எகிப்திலும் இளைஞர்கள் கையில் இருந்தது.

1964 புயலில் தனுஷ்கோடி அழிந்ததை எங்கள் பாட்டி நேரில் பார்த்தவர். அதைப் படக்கதையாக வரைய ஆசை. எப்படித் தொடங்குவது?
(எட்டாம் வகுப்பு மாணவன், ராமேஸ்வரம்)

இன்றைக்கே தொடங்கு, தம்பி. முதலில் பாட்டியைப் பேசவிட்டு நீ போனில் பதிவு செய். நடுவில் குறுக்கிடாதே. மறுநாள் போய்ச் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேள்: வீட்டுக் கூரை ஓலையா ஓடா, விளக்கு எது, அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர் வந்த சத்தம் எப்படி இருந்தது, யார் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். இந்தப் பதில்கள் இல்லாமல் உன்னால் ஒரு கட்டம்கூட வரைய முடியாது.

பிறகு ஆவணத்துக்குப் போ. டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது; அந்த வாரத்துப் பழைய நாளிதழ்களில் செய்தி இருக்கும், நூலகரிடம் கேள். உடைந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவரும் உனக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன, போய் உட்கார்ந்து வரை. மணலை வரை, கடல் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று அளந்து பார். பாட்டி சொல்வதும் நாளிதழ் சொல்வதும் ஒத்துப்போகாத இடம் கட்டாயம் வரும். அதைச் சரிசெய்ய முயலாதே, இரண்டையும் வரை. பாட்டி கண்ணால் பார்த்ததை முழுக்கோட்டிலும், நீயாக யோசித்து நிரப்பியதைப் புள்ளிக்கோட்டிலும் போடு. எது எதுவென்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடு.

ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பாட்டியிடம் காட்டு. “இப்படி இல்லைடா” என்றால் அழித்துவிட்டுத் திரும்ப வரை. அதனால் பென்சிலிலேயே போ, மை கடைசியில்.